புவனுக்கு ஓர் உயிர்தான்

விளக்கில் எண்ணெய் ஏறியிருந்தது.

மோகனா கண்ட்ரோலரை மடியில் வைத்தபடி டிவித் திரையையே வெறித்துப் பார்த்தாள். நேற்று மாலை அணைத்துவிட்டு எழுந்தபோது அந்தக் கண்ணாடிக் கூண்டு விளக்கின் அடியில் ஏதோ சொட்டு மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு எப்படியாவது பாழுங்கிணறு வரைக்கும் போய் ஒரு குப்பி எடுத்து வந்தே தீரவேண்டும் என்ற பயத்தில் பகல் முழுக்க அவளுக்கு ஆபிஸ் வேலை ஓடவில்லை. இப்போது பார்த்தால் கழுத்து வரைக்கும் நிறைந்து, மஞ்சளாய்த் தளும்பிக்கொண்டிருக்கிறது. விளக்கின் பக்கத்தில் புவன் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள்கள் மெல்ல ஏறி, மெல்ல இறங்கின.

உண்மையான புவன் இல்லை. மோகனாவின் தம்பி புவனேஸ்வரன், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தவன், பினாங்குப் பாலத்தின் மேலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். கருமாதியும் முடிந்தாகிவிட்டது. திரையில் நிற்பது அவன் விளையாடிக்கொண்டிருந்த கேமில், தன் பெயரையே வைத்து அவன் வளர்த்த வீரன். இரும்புத் தொப்பியும் கிழிந்த போர்வையும் போட்ட ஓர் உருவம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ள மோகனாவும் எத்தனையோ தடவை முயன்று பார்த்தாள். மனசு கேட்டால்தானே.

அந்தக் கேமின் பெயர் அவள் வாயில் நுழையாது. இடிந்துபோன ஒரு கோட்டை நகரம். சந்து பொந்தெல்லாம் செத்தும் சாகாத ஜென்மங்கள். நடுவில் ஒற்றை வாளோடு தனியாகப் போகிற ஓர் ஆள். கூட்டாளிகள் எல்லாரும் பாதியில் கைவிட்டு ஓடிய கேம் இது என்று புவன் பீற்றிக்கொள்வான். அதிலும் இருப்பதிலேயே கொடுமையான வழியைத்தான் பிடித்திருந்தான் அந்த வீம்புக்காரன். ஓர் உயிர்தான். செத்தால் செத்ததுதான், பெயர்கூட மிஞ்சாமல் எல்லாம் அழிந்துவிடும். அது போதாதென்று இந்த விளக்கு வேறு. கேமைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் எண்ணெய் குறைந்துகொண்டே வரும். விளக்கு அணைந்தால், வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பவை உள்ளே வந்துவிடும்.

திறக்காமலே விட்டுவிடலாம். ஆனால் அம்மா இருக்கிறாளே.

மகனைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து வடிவம்மாள் சோற்றைத் தொடவில்லை. கோப்பியில் நனைத்த இரண்டு பிஸ்கட், அதுவும் மோகனா மல்லுக்கு நின்றால்தான். டாக்டர் திட்டியும் பார்த்தாயிற்று. ஒரு நாள் சாயங்காலம், யாருக்காவது கொடுத்துத் தொலைக்கலாம் என்று புவனின் கேம் பெட்டியை எடுத்த மோகனா, கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். அம்மா சோபாவுக்குப் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"இதுதான் அவனா?" என்றாள் அம்மா.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மோகனா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிறானே என்றாள். பிறகு தானே போய்த் தட்டை எடுத்து, ஒரு கைப்பிடி சோறு போட்டுச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் குளித்துவிட்டு வருவாள், மகன் நிற்பதைப் பார்ப்பாள், சாப்பிடுவாள். அவன் நின்றால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். இன்னொரு சாவை அந்த வீடு தாங்காது. கேம் என்ற பேச்சைக் கேட்டாலே எரிந்து விழுந்துகொண்டிருந்த மோகனா, முப்பத்தாறு வயதில் வாள் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதை இதுதான்.

கற்றுக்கொடுத்தவன் அக்மல். புவனோடு ஒன்றாய்ப் படித்தவன், அதே பிளாட்டில் கீழ் மாடியில் வளர்ந்தவன், இப்போது கூலிமில் ஒரு ஃபேக்டரியில் வேலை. மோகனா விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்துவிட்டான். அன்று முதல் வேலைக்கு நடுவே வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினான்.

"அக்கா, பேராசை மட்டும் வேணாம் லா. ஒரு வெட்டு வெட்டுனா போதும், உடனே பின்னாடி வந்துருங்க. ரெண்டாவது வெட்டுக்கு ஆசப்பட்டவன்தான் சாவான்."

புதிதாய் வருகிறவர்கள் எல்லாரும் ஓடிப்போய்த்தான் சாகிறார்கள் என்பான். நின்று காது கொடுத்துக் கேட்டால் வருவது எதுவானாலும் முதலில் காலடிச் சத்தம் கேட்கும். பூட்டியிருக்கும் கதவு பரவாயில்லை, திறந்து கிடக்கிற கதவைத்தான் நம்பக்கூடாது. கண்டதையெல்லாம் பொறுக்கிச் சுமந்தால் உருண்டு தப்பிக்க முடியாது. தன்னைவிடப் பெரியது வந்தால் சண்டையே வேண்டாம், சுவரோடு ஒட்டி நழுவிவிட வேண்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு இருக்கும், அதுதான் புவனின் மூச்சு, அதை முழுசாகச் செலவழித்துவிட்டுப் போய் நடுவில் நிற்கக்கூடாது.

சோறு வடிக்கத் தெரியாதவளைக் கல்யாண வீட்டு அடுப்படியில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது மோகனாவுக்கு. இடது கட்டைவிரல் ஆளை நடத்த, வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்ப. இரண்டையும் மாற்றிப் போட்டு, தம்பியைச் சுவரில் முட்டவைத்துவிட்டு, அவனிடமே மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரிவது அவன் முதுகுதான். பார்க்கிறவர் எப்போதும் அவனுக்கு நாலைந்து அடி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவார். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று அவள் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அந்தக் கேமில் அதற்கு வழியே கிடையாது.

இன்றைக்கு எண்ணெய் ஏறியிருந்ததற்கும் அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அக்மல்தான் எங்கிருந்தோ இண்டர்நெட்டில் புகுந்து ஊற்றியிருப்பான், சொல்லாமல் உதவி செய்கிற பிள்ளை, நன்றாக இருக்கட்டும். அவளுடைய கம்ப்யூட்டர் ஞானம் அவ்வளவுதான்.

அதற்கடுத்த மாலைகளில் துணைக்கு ஆளும் வந்தது.

முதல் நாள் சந்தின் கோடியில், வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்றிருந்தது. மோகனா பயந்து பின்வாங்கினாள். அது துரத்தவில்லை. மறுநாள் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. அதற்கடுத்த நாள் அவளுக்கு முன்னே நடந்து போய், கிணற்றடியில் பதுங்கியிருந்தவற்றை ஒவ்வொன்றாய் வெட்டிச் சாய்த்தது. ஒரு வெட்டு, உடனே ஓரடி பின்னால். திறந்து கிடந்த கதவு வந்தால் நின்றுவிடும், சுற்றிக்கொண்டு போகும். அக்மல் சொன்ன பாடம் ஒன்றைக்கூட அது மீறவில்லை. சொல்லிக்கொடுத்தவனே இறங்கி வந்திருக்கிறான் என்று மோகனா முழுசாக நம்பிவிட்டாள். நன்றி சொன்னால் கூச்சப்படுவான் என்று அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அது போட்டிருந்த அங்கி மட்டும் கண்ணை உறுத்தியது. முன்பக்கம் பின்னாலும் பின்பக்கம் முன்னாலுமாக மாற்றி மாட்டியிருந்தது. பினாங்கில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் பாதிப்பேர் காற்றுக்கும் தூறலுக்கும் ஜாக்கெட்டை அப்படித்தான் மாற்றி மாட்டிக்கொண்டு போவார்கள். புவனும் அப்படித்தான் போவான். கோட்டை நகரத்து வீரனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, தம்பியைத்தான் நினைத்துக்கொண்டாள். அந்த அங்கியால், அது அவளைப் பார்த்து நிற்கிறதா, முதுகைக் காட்டி நிற்கிறதா என்று ஒரு நாளும் அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொருத்தன் யார் என்று அம்மா கேட்டாள். கூட்டாளி என்றாள் மோகனா. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம், நல்லா நனைஞ்சிருக்கான்" என்றாள்.

மோகனா உற்றுப் பார்த்தாள். அங்கியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நகரத்தில் அவள் ஒரு நாளும் மழையைப் பார்த்ததில்லை.

அன்றைக்கு அம்மா இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். அதனால் மோகனா வேறு எதையும் நினைக்க விரும்பவில்லை.

அந்த வாரம் முழுக்க வெளியே புகைமூட்டம். எங்கோ காடு எரிந்த புகை தீவின் மேல் வந்து கவிந்துவிட்டது; மழை என்ற பேச்சே இல்லை. ஜன்னலையெல்லாம் சாத்திவைத்தும் கெலுகோர் பிளாட்டின் ஹால் முழுக்கக் கரிவாடை. சூரியன் சிவப்புப் பொட்டாய் இறங்கி மறைந்திருந்த நேரம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. அடுப்பில் குக்கர் மெல்ல முனகத் தொடங்கியிருந்தது. அம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மோகனா அம்மா வருவதற்குள் ஒரு குப்பி எண்ணெய் எடுத்துவந்துவிடலாம் என்று கிளம்பினாள்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பேராசை வந்தது. கிணற்றடியில் ஒன்று தள்ளாடி நின்றது. இன்னொரு வெட்டு வெட்டினால் விழுந்துவிடும். வெட்டினாள். விழவில்லை. பச்சைக் கோடு தீர்ந்துபோய்ப் புவன் மூச்சிரைக்க நின்றான். அது கையை ஓங்கியது. உயிர்க்கோட்டில் நூலளவு சிவப்புதான் மிச்சம். அம்மாவின் முகம்தான் கண் முன்னால் வந்தது.

துணைக்கு வந்தது குறுக்கே பாய்ந்தது. ஓங்கிய கை அதன் மேல் இறங்கியது. ஒரு முறை இல்லை, பல முறை. அது விழாமல் நின்று வாங்கிக்கொண்டது. அந்த இடைவெளியில் மோகனா புவனை இழுத்துக்கொண்டு ஓடிவந்து விளக்கடியில் சேர்த்தாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நடந்து வந்து வெளிச்சத்தின் ஓரத்தில் நின்றது. குக்கர் விசில் அடித்தது. மோகனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி தம்பி, பாத்து போயிட்டு வா" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்காரர்களும் போயிட்டு வாங்க என்று வழியனுப்புவதில்லை. போனது திரும்பி வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த வழக்கமே. துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வந்தபோதும், மோகனா அந்த வார்த்தை வாயில் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தாள். ஆனால் எத்தனை வருஷத்துப் பழக்கம் அது. தினமும் காலையில் கிரில் கதவருகே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்ற புவனிடம் இதையேதான் சொல்லுவாள். நாக்கு இன்றைக்கு முந்திக்கொண்டது.

திரையில் அது தலையை அசைத்தது. சரி என்கிற மாதிரி.

பிறகு நடந்தது. சந்துப் பக்கம் போகவில்லை. விளக்கைத் தாண்டி, புவனைத் தாண்டி, அவளை நோக்கி வந்தது. ஈரத் துணி உரசும் சத்தம் டிவியிலிருந்து சன்னமாய்க் கேட்டது. உருவம் பெரிதாகிக்கொண்டே வந்து, அங்கியின் கறுப்பு திரை முழுக்க அடைத்தது. அது விலகியபோது விளக்கும் புவனும் மட்டும் இருந்தார்கள். மோகனா சட்டென்று டிவியை அணைத்தாள். கேம் பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் குக்கரை இறக்கினாள். அசட்டுத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஹாலுக்குத் திரும்பி வந்து அக்மலைக் கூப்பிட்டாள். இத்தனை நாள் கூட வந்து காப்பாற்றியதற்கு நன்றி சொல்லி, எண்ணெய்க்கும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பக்கம் ஃபேக்டரி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் வரலயே" என்றான். "அந்த ஒத்த உயிர் வழியில வெளாண்டா யாரும் கூட வர முடியாது. புவன் இண்டர்நெட்டயே கழட்டிப் போட்டுட்டுத்தான் வெளாடுவான். எண்ணெயெல்லாம் வெளியிலேருந்து யாரும் ஊத்த முடியாதுக்கா."

அப்படியென்றால் அது யார் என்று கேட்கத்தான் மோகனா வாயைத் திறந்தாள். அக்மல் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, உங்க பக்கத்துல யாரு? மூச்சு வாங்குற சத்தம் கேக்குது."

அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் சொன்னாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் தூரத்தில், சீராக, கேட்டுக்கொண்டிருந்தது. அது முன்னால். இது பின்னால். காதுக்குப் பின்னால். ஏறி, இறங்கி. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி.

கரிவாடையைக் கிழித்துக்கொண்டு வேறொரு வாடை வந்தது. மழையில் நனைந்த ஜாக்கெட். தார்ச் சாலை. எஞ்சின் எண்ணெய். அதற்கெல்லாம் அடியில், ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது வந்த அந்த வாடை. போனை எப்போது நழுவவிட்டாள் என்று தெரியவில்லை. அக்கா, அக்கா என்று அது தரையில் கிடந்து கூப்பிட்டது.

டைல்ஸ் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பின்னால்.

திரும்பினாள். சோபா. டிவி. சாத்திய ஜன்னல். யாரும் இல்லை. தரையில் மட்டும் ஈரம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் ஒரு சொட்டு. அதுவும் பின்னால்தான்.

மறுபடி திரும்பினாள். அதுவும் திரும்பியது. ஓரடி நகர்ந்தாள். அதுவும். வேகமாய்ச் சுழன்றாள், ஈரத் துணி உரசிக்கொண்டு அவளோடு சுழன்றது. முன்னால் வரவில்லை. ஒரு தடவையும் முன்னால் வரவில்லை. அவள் இத்தனை மாலைகளாய் அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாளே, அந்த இடத்தில் இப்போது அது நின்றுகொண்டிருந்தது.

ஒரே ஒரு வார்த்தைதான். போ. சொல்லிவிட்டால் போய்விடுமோ என்னவோ. வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை. ஒருவேளை புவனாக இருந்தால்? மழையில் அத்தனை தூரம் நடந்து வீட்டுக்கு வந்தவனாக இருந்தால்? அவனைப் பார்த்து எந்த வாயால் சொல்லுவாள்?

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அம்மா. அம்மா பார்த்துவிடக் கூடாது. கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் அசையவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வடிவம்மாள் வெளியே வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. மகளின் தோளுக்கு மேலே பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. மகன் போன பிறகு முதல் தடவையாய், கண் கொள்ளாத சிரிப்பு.

"வந்துட்டியாப்பா" என்றாள். "இப்படி நனைஞ்சு வந்திருக்கியே. நில்லு, சோறு போடுறேன்."

மோகனா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. சத்தம் வரவில்லை. அம்மா அடுப்படிக்குள் போனாள். தட்டுச் சத்தம். கரண்டிச் சத்தம். பின்கழுத்தில் ஈரம் பட்டது. குளிர்ந்த, கனத்த ஈரம். அது அங்கேயே தங்கியது.

அம்மா தட்டோடு வந்தாள். வெள்ளை வெளேரென்று தயிர்ச் சோறு. பிசைந்து உருட்டிக்கொண்டே நெருங்கி வந்தாள். கையை நீட்டினாள். மோகனாவின் கன்னத்தை உரசிக்கொண்டு அந்தக் கை பின்னால் போனது. ஆசையாய்த் துழாவியது.

"வாய் எங்கப்பா இருக்கு?" என்றாள் அம்மா.

துழாவிக்கொண்டே இருந்தது. மேலே. கீழே. இன்னும் கீழே. பிறகு நின்றது. மோகனாவின் காதோரம் ஏதோ ஈரமாய்த் திறந்தது. மென்றது.

அம்மா கையை எடுத்தாள். உருண்டை இல்லை. இரண்டு விரல்களின் நுனியும் இல்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. சிரிப்பு மாறாமல் அதே கையைத் தட்டில் வைத்து, அடுத்த உருண்டையைப் பிசைந்தாள். தயிர்ச் சோறு சிவந்துகொண்டே வந்தது.

"இன்னொரு வாய் வாங்கிக்கப்பா" என்றாள்.